ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்: கல்லீரலோடு மனசையும் பார்த்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைட்டிஸ் பி இருப்பது நம் ஊரில் பலருக்கு உடம்பு முடியாமல் போய்த் தெரியவருவதில்லை. வளைகுடா வேலைக்கான மெடிக்கல், ரத்ததான முகாம், கர்ப்பகாலப் பரிசோதனை, குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் ரத்த ரிப்போர்ட் என்று வேறு எதற்கோ போன இடத்தில் தெரிகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கையில் ஒரு தாள் மட்டும் இருக்கிறது. அதில் எச்.பி.எஸ்.ஏஜி. என்ற எழுத்துக்கு நேராகப் பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறது. அன்று ராத்திரியே தூக்கம் போய்விடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் சுமார் 2.98 கோடி பேர் ஹெபடைட்டிஸ் பி-யோடும், 55 லட்சம் பேர் ஹெபடைட்டிஸ் சி-யோடும் வாழ்ந்தார்கள். இவ்வளவு பேர் இருந்தும் வெளியே பேசுபவர் அபூர்வம். கல்லீரல் என்றாலே "குடிகாரன்" என்றும், ரத்தத்தில் வைரஸ் என்றால் "தப்பான சகவாசம்" என்றும் முடிவு கட்டுகிற சமூகம் இது.

இந்த நோயோடு வரும் மனக்கஷ்டம் மூன்று இடங்களிலிருந்து வரலாம். ஒன்று, செய்தி தந்த அதிர்ச்சியும் ஊர்ப்பேச்சும். இரண்டு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற தனி நோய்கள். மூன்று, கல்லீரலோ அதற்காகக் கொடுக்கும் மருந்தோ மூளையை நேராகத் தொந்தரவு செய்வது. மூன்றும் வெளியே ஒன்றுபோலத்தான் தெரியும்: தூக்கமின்மை, எரிச்சல், சோர்வு, ஞாபகமறதி. வைத்தியம் மட்டும் மூன்றுக்கும் வேறு வேறு. முதலாவதற்குச் சரியான தகவலும் கூட நிற்கும் ஆளும் பெரும்பாலும் போதும். இரண்டாவதற்கு மனநல மருத்துவர் வேண்டும். மூன்றாவதை "மனசு சரியில்லை" என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

முதல் படி: அரைகுறை ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருக்காதீர்கள்

எச்.பி.எஸ்.ஏஜி. பாசிட்டிவ் என்றால் உடம்பில் வைரஸ் இருக்கிறது என்று அர்த்தம். கல்லீரல் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி., வைரஸ் தீவிரமாகப் பெருகுகிறதா என்று காட்டும் எச்.பி.ஈ.ஏஜி., வைரஸ் டி.என்.ஏ. அளவு, வயிற்று ஸ்கேன், முடிந்தால் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் ஆகியவை சேர்ந்தால்தான் படம் முழுமையாகும். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நான்கு கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். என் கல்லீரலில் தழும்போ சுருக்கமோ இருக்கிறதா? இப்போது மாத்திரை வேண்டுமா? அடுத்த பரிசோதனை எந்த மாதம்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கவேண்டியவர்களில் நானும் ஒருவனா? பதில்களை அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் கேட்டது வீடு வந்து சேர்வதற்குள் மறந்துபோகும், அல்லது மோசமாக மாறிப்போகும். "இப்போதைக்கு மாத்திரை தேவையில்லை" என்பது "இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை" என்று காதில் விழுந்து மாதக்கணக்கில் புழுங்கியவர்கள் உண்டு. வைரஸ் இருக்கும் எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படுவதில்லை. தேவைப்படுபவர்களுக்குத் தினம் ஒரு டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் மாத்திரை வைரஸை அடக்கி வைக்கும்.

உங்களுக்கு வந்திருப்பது ஹெபடைட்டிஸ் சி என்றால் கதையே வேறு. பெரும்பாலும் 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குக் குணமாகிறது. ஆனால் ஆன்டிபாடி பரிசோதனை குணமான பிறகும் பாசிட்டிவ் என்றே காட்டும். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டதாக நினைத்துக் கலங்கவேண்டாம். ரத்தத்தில் வைரஸே இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

இரண்டாம் படி: "எப்படி வந்துச்சு?" என்ற கேள்வியை முடித்துவையுங்கள்

குடும்பங்களை உடைப்பது இந்தக் கேள்விதான். கணவனுக்கு என்றால் மனைவி சந்தேகப்படுவாள். மனைவிக்கு என்றால் மாமியார் வீடே திரண்டு நிற்கும்.

பிறக்கும்போதோ கைக்குழந்தையாக இருக்கும்போதோ இந்த வைரஸ் தொற்றினால், சுமார் 90 சதவீதக் குழந்தைகளுக்கு அது நாள்பட்டதாகத் தங்கிவிடுகிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்குத் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடமே தங்குகிறது. மற்றவர்கள் உடம்பு தானாகவே விரட்டிவிடுகிறது. ஆக, 30 வயதில் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி என்று தெரிந்தால், அது பால்யத்திலேயே வந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நாடு முழுவதுமான தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்ததே 2011-ல்தான். அதற்கு முன்பு பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை. ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாருடைய ஒழுக்கத்தையும் அளக்க முடியாது.

இதைத் தெரிந்துகொண்டதும் புதிதாக ஒரு காயம் பிறக்கலாம். அம்மாவுக்கும் பரிசோதனை செய்ய, அவருக்கும் பாசிட்டிவ் என்று வரும். "நான்தான் என் புள்ளைக்குக் கொடுத்துட்டேனா" என்று அந்த அம்மா உடைந்துபோவார். அவரைப் பரிசோதனைக்கு அழைக்கும்போதே இதையும் சொல்லிவிடுங்கள்: "அம்மா, அப்பல்லாம் வழக்கமா இதுக்கு டெஸ்டும் எடுக்கமாட்டாங்க, ஊசியும் போடமாட்டாங்க. யாரும் யாருக்கும் தெரிஞ்சு கொடுக்கல. இப்ப உங்க கல்லீரல் எப்படி இருக்குன்னு பாத்துக்கத்தான் கூப்பிடுறேன்."

மூன்றாம் படி: தனித்தட்டை எடுத்து உள்ளே வையுங்கள்

ரிப்போர்ட் வந்த வாரமே பல வீடுகளில் ஒரு தட்டும் டம்ளரும் தனியாகப் போய்விடும். துண்டு தனி, பாய் தனி. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். நோயாளியே முந்திக்கொண்டு ஒதுங்குவதும் உண்டு, பாசத்தினால்.

ஹெபடைட்டிஸ் பி பரவுவது ரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகியவற்றின் வழியாக. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதாலோ பரவாது. தனியாக இருக்கவேண்டியவை ரேசர், பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் ஊசி. காய்ந்த ரத்தத்தில் இந்த வைரஸ் ஒரு வாரம் வரைகூட உயிரோடு இருக்கும் என்பதால், காயத்தை மூடி வையுங்கள். சிந்திய ரத்தத்தை பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். இந்தப் பட்டியலை எழுதி அலமாரிக்குள் ஒட்டினாலும் சரிதான். எதற்குப் பயப்படவேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்தால் மற்றதற்கெல்லாம் பயப்படுவது குறையும்.

வீட்டில் மற்றவர்களுக்குப் பரிசோதனை செய்து, இல்லை என்று வந்தால் மூன்று தவணை ஊசி: முதல் நாள், ஒரு மாதம், ஆறாம் மாதம். கணவன் அல்லது மனைவிக்குக் கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச்சக்தி அளவு பார்த்து 10-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உறுதி. அதுவரை ஆணுறை. கர்ப்பிணிக்கு வைரஸ் அதிகம் என்றால் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் தருவார்கள். குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவார்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

பத்தியம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உப்பில்லாத, எண்ணெயில்லாத கஞ்சியை ஒருவர் மட்டும் மூலையில் உட்கார்ந்து குடிப்பதும் ஒரு ஒதுக்கல்தான். கல்லீரல் சுருக்கம் இல்லாத நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-க்குத் தனிப் பத்தியம் எதுவும் கிடையாது. மது கூடாது, எடை ஏறக்கூடாது, அவ்வளவே. வீட்டில் வைக்கிற சாம்பாரும் மீன் குழம்பும் உங்களுக்கும்தான். காபிப் பிரியர்களுக்கு ஒரு நல்ல செய்தி: காபி குடிப்பவர்களிடம் கல்லீரல் தழும்பு குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சாயங்காலத்துக்கு மேல் மட்டும் வேண்டாம், தூக்கம் கெடும்.

நான்காம் படி: யாரிடம் சொல்வது

எல்லோரிடமும் மறைத்தால் மூச்சு முட்டும், எல்லோரிடமும் சொன்னால் ஊரே பேசும். சொல்லியே ஆகவேண்டியவர்கள் சிலர்: கணவன் அல்லது மனைவி, திருமணம் பேசி முடிப்பதற்கு முன் துணையாக வரப்போகிறவர், பரிசோதனை தேவைப்படும் அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், மற்றும் ஆபரேஷன் செய்யப்போகும் மருத்துவர். மேலதிகாரி, பக்கத்து வீட்டார், கல்யாண மண்டபத்தில் விசாரிக்கும் பெரியப்பா இவர்களுக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.

மனைவியிடம் சொல்ல ஒரு மாதிரி: "ரத்தத்துல ஹெபடைட்டிஸ் பி-ன்னு வந்திருக்கு. சின்ன வயசுலயே வந்திருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. உனக்கும் பிள்ளைங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்து, இல்லன்னா ஊசி போட்டுக்கலாம். வெள்ளிக்கிழமை நீயும் கூட வா, டாக்டர்கிட்டயே கேட்டுக்கலாம்." கடைசி வாக்கியம் முக்கியம். சந்தேகம் தீருவது உங்கள் வாயால் அல்ல, மூன்றாவது ஆள் சொல்லும்போதுதான்.

எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்க 2017-ல் தனிச் சட்டம் வந்தது. ஹெபடைட்டிஸ் பி-க்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. அதனால் வேலையிடத்தில் ரிப்போர்ட்டை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில் நிதானம் தேவை.

"அன்ஃபிட்" முத்திரை விழுந்தவர்களுக்கு

வளைகுடா மெடிக்கலில் எச்.பி.எஸ்.ஏஜி. பாசிட்டிவ் என்றால் பொதுவாக அன்ஃபிட்தான். ராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, வழியனுப்புச் சாப்பாடுகூடப் போட்டு முடித்த ஒருவருக்கு அந்த முத்திரை என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். அவருடைய துக்கம் பெரும்பாலும் நோயைப் பற்றியது அல்ல. வட்டி, தங்கையின் நகை, ஊரில் முகம் காட்டவேண்டிய நாளை இவற்றைப் பற்றியது. அவரிடம் போய்க் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று ஆறுதல் சொன்னால் எடுபடாது. கடன்காரரிடம் தவணை பேச யார் கூடப் போவது, உள்ளூரில் என்ன வேலை பார்ப்பது என்று உட்கார்ந்து பேசுவதுதான் அவருக்கான மருந்து.

இந்த நேரத்தில்தான் "மூணு மாசத்துல நெகட்டிவ் ஆக்கித் தர்றோம்" என்று ஆள் வரும். நம்பாதீர்கள். எச்.பி.எஸ்.ஏஜி. தானாக மறைவது ஆண்டுக்கு நூறில் ஒருவருக்கு என்ற அளவில்தான் நடக்கிறது. கீழாநெல்லியைப் பற்றிக் கேட்பீர்கள். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், கீழாநெல்லி எடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்கு எச்.பி.எஸ்.ஏஜி. மறைந்ததாக லான்செட் மருத்துவ இதழில் எழுதியது உண்மை. பின்னால் மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. நாட்டு மருந்தை நம்பி டெனோஃபோவிரைத் திடீரென நிறுத்தினால் வைரஸ் வெகுண்டெழுந்து கல்லீரலைச் சாய்த்துவிடலாம்.

மாதாமாதம் லேபுக்குப் போய் "இப்பவாவது நெகட்டிவா" என்று பார்ப்பதும் தன்னைத்தானே வதைத்துக்கொள்வதுதான். மருத்துவர் குறித்த தேதியில் மட்டும் பரிசோதனை. ஸ்கேன் நாளன்று துணைக்கு ஒருவர். முடிவையும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்து: இரண்டு வாரக் கணக்கு

அதிர்ச்சியும் அழுகையும் நோயல்ல. ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தே இருக்கிறதா, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மனச்சோர்வைக் கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படும் பி.எச்.கியூ-9 படிவத்தின் முதல் இரண்டு கேள்விகள் இவைதான். ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கல்லீரல் நோயில் ஒரு சிக்கல் உண்டு. சோர்வு, பசியின்மை, தூக்கக் கோளாறு மூன்றும் கல்லீரலாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். அதனால் இவற்றைவிட வேறு சிலவற்றைக் கூர்ந்து பார்க்கவேண்டும். "நான் எல்லாருக்கும் பாரம்" என்ற பேச்சு, தீராத குற்றவுணர்வு, பேத்தி வந்தாலும் முகம் மலராமை. இன்னொன்று, மாத்திரை அட்டையில் எண்ணிக்கை மிஞ்சுவது. டெனோஃபோவிர் அட்டையில் மாதக் கடைசியில் பத்து மாத்திரை மிச்சம் இருந்தால், அது மறதியாக இருக்கலாம், "சாப்பிட்டு என்ன ஆகப்போகுது" என்பதாகவும் இருக்கலாம். திட்டாமல் கேளுங்கள்.

சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. வருகிறது என்றால் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, தமிழக அரசின் 104, தற்கொலைத் தடுப்பு அமைப்பான சென்னை சினேகா 044-24640050 ஆகிய எண்களில் தமிழிலேயே பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108-ஐ அழைத்து அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

பயத்தை அமுக்கக் குடிக்கத் தொடங்கியவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும். வைரஸ் இருக்கும் கல்லீரலில் மது நெருப்பில் ஊற்றிய எண்ணெய். அதே சமயம், தினம் அதிகமாகக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். மருத்துவத் துணையோடு நிறுத்துவதுதான் வழி.

கல்லீரலே மூளையைக் குழப்பும்போது

கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், உள்ளவர்களின் வீட்டார் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்கவேண்டும்.

குடலில் உருவாகும் அம்மோனியா போன்ற கழிவுகளைக் கல்லீரல்தான் வடிக்கிறது. சுருங்கிய கல்லீரலால் அது முடியாதபோது கழிவு மூளைக்கு ஏறுகிறது. ஆரம்பம் மெதுவாக இருக்கும். பகலெல்லாம் தூங்கி வழிவார், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து "காபி போடலையா" என்பார். சாதுவான மனிதர் சள்ளென்று விழுவார். சட்டைப் பட்டனை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். ரேஷன் கடையில் போட்ட கையெழுத்து கோணிக்கொண்டு போகும். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரித்து வைக்கச் சொன்னால் கை சிறகடிப்பதுபோல் விட்டு விட்டுத் துள்ளும்.

இதை "வயசாயிடுச்சு", "டென்ஷன்" என்று விடுபவர்கள் உண்டு, மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்களும் உண்டு. இது கல்லீரல் மருத்துவரிடம் அன்றே போகவேண்டிய நிலை. மலச்சிக்கல், தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, தூக்க மாத்திரை இவையெல்லாம் இதைக் கிளப்பிவிடும். கறுப்பாக மலம் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, கூப்பிட்டால் சரியாக விழிக்காவிட்டாலோ 108 தான். லாக்டுலோஸ் சிரப்பை நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாக மலம் போகும் அளவில் கொடுப்பதும், தேவைப்பட்டால் ரிஃபாக்ஸிமின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ப்பதும் வழக்கமான சிகிச்சை. நிறையப் பேர் தெளிந்துவிடுகிறார்கள். பருப்பு, முட்டையை நிறுத்திப் பட்டினி போடவேண்டாம். வண்டி ஓட்ட விடவேண்டாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று: ஒரு நோட்டில் தினமும் காலையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுத்து சரிவதைக் கண்டதும் அந்த நோட்டையே மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

மருந்தாலும் மனம் குலையலாம். இன்டர்ஃபெரான் ஊசி மனச்சோர்வையும் எரிச்சலையும் கொண்டுவரும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். இப்போது அதன் பயன்பாடு குறைந்துவிட்டது, என்றாலும் ஹெபடைட்டிஸ் பி-க்குச் சிலருக்கு இன்னும் தரப்படுகிறது. முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால் முதல் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மனநல மருத்துவரிடம் போகும்போது

மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் கல்லீரல் ஓ.பி.யும் மனநல ஓ.பி.யும் ஒரே வளாகத்தில் அமையலாம். கையில் கடைசி ரத்த ரிப்போர்ட், ஸ்கேன், சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டைகள். உள்ளே போனதும் முதல் வாக்கியமே "எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கு" என்பதாக இருக்கட்டும். சிரோசிஸ் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மனநல மருந்து கல்லீரலைக் கெடுக்கும் என்ற பயம் பாதிதான் சரி. செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற மனச்சோர்வு மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்கிக் கல்லீரல் நோயாளிகளுக்கும் தருகிறார்கள். டுலோக்ஸெடின், அகோமெலட்டின் என்ற வேறு இரண்டு மனச்சோர்வு மருந்துகளையும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குத் தவிர்க்கவேண்டும். வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தரும் வால்ப்ரோயேட்டில் எச்சரிக்கை தேவை. அதே வகையில் தரப்படும் கார்பமஸெபின் சில வைரஸ் மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடும், முக்கியமாக டெனோஃபோவிரின் ஒரு வகையான டெனோஃபோவிர் அலாஃபெனமைடு, ஹெபடைட்டிஸ் சி மாத்திரையான சோஃபோஸ்புவிர். உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்திருப்பதாக எண்டோஸ்கோப்பியில் சொல்லியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். செர்ட்ராலின் வகை மருந்துகள் ரத்தக்கசிவு அபாயத்தைச் சற்றுக் கூட்டும். சிரோசிஸ் உள்ளவர் அல்பிரஸோலம், டயஸிபாம் போன்ற தூக்க மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுவது, மேலே சொன்ன மூளைக் குழப்பத்தைத் தானே விலைக்கு வாங்குவது.

மனச்சோர்வு மருந்து வேலை காட்ட இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் குமட்டலோ படபடப்போ வந்தால் நிறுத்திவிடாமல் போன் போட்டுக் கேளுங்கள். சரியானதும் உடனே நிறுத்தக்கூடாது. பொதுவாக இன்னும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடரச் சொல்வார்கள், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். மருந்தோடு மனநல ஆலோசனையும் கேட்டு வாங்குங்கள்.

கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கும் தூக்கம் வேண்டும். லாக்டுலோஸ் கொடுத்து, துணி அலசி, ராத்திரி விழித்து, காலையில் வேலைக்கும் ஓடுகிற மனைவியோ மகளோ மகனோ இரண்டு வாரக் கேள்விகளைத் தன்னிடமும் கேட்டுக்கொள்ளவேண்டும். அண்ணன் தம்பி யாராவது வாரத்தில் ஒரு ராத்திரியாவது முறை எடுத்துக்கொள்ள வேண்டும். "எதாச்சும் வேணும்னா சொல்லுங்க அண்ணி" என்பதைவிட "சனிக்கிழமை ராத்திரி நான் வந்து படுத்துக்கறேன், நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டு வந்து நில்லுங்கள்.